தொண்டையில் நின்ற கார்டு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நினைவில் நான் மூன்று பேரோடு சண்டை போடுகிறேன். அவர்களில் இரண்டு பேர் என் நன்மையை நினைத்தவர்கள். மூன்றாவது ஆளும் கெட்டவர் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

ஒருவர் எழுதிய புரோகிராமை எல்லோரும் படிக்கத் திறந்து வைப்பதற்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள் என்று விடுவதற்கும் இப்போது ஓப்பன் சோர்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விலைக்கு விற்கிற பெரிய கம்பெனிகளே அதை நம்பித்தான் பிழைக்கின்றன என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எழுபதுகளின் தொடக்கத்தில், திருவொற்றியூரில், கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருந்த ஒரு தொழிற்சாலையில் நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

என் வீடு ராயபுரத்தில். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் பெண்கள் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்து வேலைக்குப் போவது அப்போதே சாதாரணம். நானும் போனேன். தொழிற்சாலையில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அதற்குக் கார்டில் துளை போடும் பஞ்ச் ரூமில் என்னைச் சேர்த்தார்கள்.

அந்த வேலையைச் சொன்னால் இன்று யாருக்கும் புரியாது. ஒரு கார்டில் ஒரு செய்திதான் இருக்கும். இன்ன உதிரிபாகம் ஸ்டோர்ஸிலிருந்து இத்தனை போயிற்று என்பதை, கார்டின் வரிசை எண்ணோடு சேர்த்துத் துளைகளாகப் போடுவோம். வாரம் முழுக்கச் சேர்ந்த கார்டுகளைச் சனிக்கிழமை கட்டாக்கி, குளிரூட்டிய கம்ப்யூட்டர் அறைக்கு அனுப்புவோம். அங்கே கார்டு ரீடர் என்ற இயந்திரம் ஒவ்வொரு கார்டாக உள்ளே இழுத்துப் படிக்கும். திங்கட்கிழமை காலை ஸ்டோர்ஸில் எது எவ்வளவு மீதி இருக்கிறது என்று பட்டியல் அச்சாகி வந்திருக்க வேண்டும். வராவிட்டால், இருக்கிறது என்று நினைத்து ஃபிட்டர் ஸ்டோர்ஸுக்கு நடந்து போய், இல்லை என்று வெறுங்கையோடு திரும்புவார். அதுவரை அவருடைய மெஷின் சும்மா நிற்கும்.

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே ஓர் அலமாரி இருந்தது. மெஷினை (கம்ப்யூட்டரை அப்படித்தான் சொல்வோம்) கொடுத்த கம்பெனி, அதை ஓட்டத் தேவையான புரோகிராம்களையும் சேர்த்தே கொடுத்திருந்தது. கார்டுக் கட்டு மட்டுமல்ல, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாக அச்சடித்த தடித்த தாள்களும் உண்டு. லிஸ்டிங் என்போம். அதைத் தொடுவார் இல்லை. நான் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றை எடுத்து, தயிர்சாதக் கை படாமல் இடது கையால் புரட்டிப் படிக்க ஆரம்பித்தேன். மூன்று மாதம் ஒன்றும் புரியவில்லை. நாலாவது மாதம் ஒருநாள், "அடப்பாவி, இங்கே சுத்திச் சுத்தி வந்து எண்ணுறான்" என்று தெரிந்தது. அந்த அடப்பாவி எந்த தேசத்திலோ உட்கார்ந்து அதை எழுதியவன். அவன் எண்ணுகிற விதம் ராயபுரத்துப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு வருடத்தில் ஸ்டோர்ஸ் பட்டியலுக்கான புரோகிராமை நானே எழுதிவிட்டேன். மேலாளர் அதை ஓட்டிப் பார்த்தார். சரியாக வந்தது. பஞ்ச் ரூமிலிருந்து என்னை வெளியே எடுத்து, கம்ப்யூட்டர் அறையின் ஓரத்தில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். உத்தரவு எதுவும் கிடையாது, வாய்வார்த்தைதான். அந்த மேஜைதான் என் வாழ்க்கை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

கார்டு நகலெடுக்கும் இயந்திரம் எங்களிடம் நல்லதாக இருந்தது. அதனால் சனிக்கிழமை மத்தியானம் ஆனால் வடசென்னையில் மெஷின் வைத்திருந்த மற்ற இடங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். துறைமுகப் பக்கத்திலிருந்து ஒருவர், மணலியிலிருந்து ஒருவர், எப்போதும் தவறாமல் பெரம்பூர் ரயில்வே பட்டறையிலிருந்து ஒருவர். பெரம்பூர்க்காரரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். எனக்குப் பத்து வயது மூத்தவர். கார்டுக் கட்டைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, துணிப்பையில் போட்டு, பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி வருவார். என் புரோகிராமை அவர் நகலெடுத்துக்கொள்வார், அவருடையதை நான் எடுத்துக்கொள்வேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் வந்து, நாங்கள் ஓட்டுவதை நின்று பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்.

எங்களுக்குள் ஒரே ஒரு விதி. அதை அவர்தான் முதலில் சொன்னார்.

"யார் வேணா எட்த்துகினு போலாம். ஆனா தப்பு கண்டுபிட்ச்சா, சரி பண்ணத எட்த்துகினு வந்து எல்லாருக்கும் குடுக்கணும். நைஸா வூட்லயே வச்சிக்கினான்னா அவன் கலீஜ் ஆளு."

இந்த விதியை நாங்கள் எழுதி வைக்கவில்லை. ஆனால் மூன்று வருடத்தில் ஒருவரும் மீறவில்லை. அவர் எழுதிய வரிசைப்படுத்தும் புரோகிராமில் நான் ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். என்னுடையதில் மணலிக்காரர் இரண்டைக் கண்டுபிடித்தார். எனக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் மெஷின் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் புரோகிராம்கள் தனிச் சரக்கு, மாத வாடகைக்குத்தான் கிடைக்கும், லிஸ்டிங் தரமாட்டார்கள். துளை போட்ட கட்டு மட்டும் பெட்டியில் வரும், ஓட்டிக்கொள்ளலாம், படிக்க முடியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் படித்துத்தானே ஆளானேன்? இனிமேல் பஞ்ச் ரூமில் உட்காருகிற பெண் எதைப் படிப்பாள்?

கொஞ்ச நாளில் கம்பெனிக்காரர் ஒருவர் மவுண்ட் ரோடு அலுவலகத்திலிருந்து வந்தார். முப்பது வயது இருக்கும். கழுத்துப்பட்டை, மடிப்புக் கலையாத சட்டை, சுத்தமான தமிழ். ஸ்டோர்ஸ் வேலைக்கென்றே எழுதித் தயாராக வைத்த ஒரு புரோகிராம் கட்டை, பேக்கேஜ் என்று சொல்லிக் கொண்டு வந்திருந்தார். மேலாளருக்கு அது பிடித்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பெரிய கம்பெனி. நாளைக்கு ஒண்ணு தப்புன்னா அவங்க வந்து நிப்பாங்க. நீ கல்யாணம் ஆகிப் போயிட்டா நான் யார்கிட்ட போய் நிக்கிறது?"

"நான் எங்கேயும் போகலை சார்."

"இப்ப சொல்லுவே. பேக்கேஜ் வந்துட்டா புரோகிராம் எழுத ஆள் வேண்டியதில்லை. நீ பழையபடி பஞ்ச் ரூமுக்குப் போயிடலாம். சம்பளம் குறையாது."

"சம்பளம் குறையாதுன்னா நீங்க போய் பஞ்ச் பண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

வாயைத் திறந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்றே தெரிந்தது. அந்தக் காலத்தில் ஒரு பெண், மேலாளரிடம், அதுவும் கம்பெனிக்காரர் முன்னால்! அன்றைக்கே சீட்டைக் கிழித்திருக்கலாம். மனிதர் கிழிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, ரெண்டையும் ரெண்டு மாசம் பக்கத்துல பக்கத்துல ஓட்டிப் பார்ப்போம். எது ஜெயிக்குதோ அது" என்றார். அதாவது, பேக்கேஜ் ஜெயித்தால் நான் பஞ்ச் ரூமுக்கு. என் புரோகிராம் ஜெயித்தால் மேஜை எனக்கு.

முதல் வாரம் பேக்கேஜ் ஜெயித்தது. இரண்டாவது வாரமும் அதுதான் ஜெயித்தது. மறைக்க என்ன இருக்கிறது? வேகமாக ஓடியது. பட்டியல் லட்சணமாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு, பக்க எண், தீரப்போகிற பொருளுக்கு எதிரே ஒரு நட்சத்திரக் குறி. என்னுடையது மேலிருந்து கீழ்வரை வெறும் எண்களாக இறங்கும். நான் முதலில் நம் மெஷின் அவர்கள் புரோகிராமுக்கு ஏற்ற மாதிரி இருக்கிறது, அது இது என்று குறை சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அப்புறம் எனக்கே வெட்கமாகப் போய், அவர்கள் பட்டியலை எதிரே விரித்து வைத்துக்கொண்டு, தலைப்பு, பக்க எண், நட்சத்திரம் எல்லாவற்றையும் என்னுடையதிலும் எழுதிச் சேர்த்தேன். பெரம்பூர் அண்ணா வரிசைப்படுத்தும் பகுதியைப் பிரித்துப் போட்டு வேகமாக்கிக் கொண்டுவந்தார். நல்லதை எங்கே பார்த்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அவர்கள் வந்திராவிட்டால் எங்கள் பட்டியல் என்றைக்கும் அந்த அழுக்குக் கோலத்திலேயே இருந்திருக்கும். இதை அந்தக் கம்பெனிக்காரரிடம் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அவ்வளவு செய்தும் அவர்கள் வேகத்தை எட்டவில்லை. நான் மனசுக்குள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தேன். அப்போது மின்வெட்டு வந்தது.

வருடாவருடம் வருவதுதான், ஆனால் அந்த வருடம் மழை பொய்த்து இன்னும் மோசமாகிவிட்டது. ஆலைகளுக்கெல்லாம் மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தார்கள். சொன்ன நேரத்தில் நிறுத்தினாலும் பரவாயில்லை, சொல்லாத நேரத்திலும் நிறுத்துவார்கள். கம்பெனிக்காரரின் பேக்கேஜ், கரண்ட் போகாத தேசத்தில் எழுதியது. நடுவில் நின்றுவிட்டால் முதல் கார்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மூன்று தடவை கரண்ட் போனது. ஏ.சி. நின்று, ஜன்னலைத் திறந்துவிட்டு, கடற்காற்று உள்ளே வந்து எல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு நின்றவரிடம் எங்கள் ஆபரேட்டர் போனார். கார்டு ரீடரில் கட்டை வைப்பதும் எடுப்பதும் இவர் வேலை. திருவொற்றியூர்க்காரர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், நாற்பது வயது.

"இன்னா சார், மறுபடியும் மொதல்லேர்ந்தா?"

"ஆமாம், முதலிலிருந்துதான்."

"பேஜாரு சார் இது. நம்ம தங்கச்சி புரோகிராமு அப்டி இல்ல. உட்ட எட்த்துலேர்ந்து ஷோக்கா போய்க்கினே கீது பாருங்க."

உண்மைதான். நாங்கள் மின்வெட்டிலேயே குடித்தனம் செய்தவர்கள். என் புரோகிராம் ஒவ்வொரு கார்டையும் முடித்த உடனே, இதுவரை முடிந்தது என்று மெஷினோடு இணைந்த காந்த டேப்பில் எழுதிவிடும். கரண்ட் வந்ததும் டேப்பைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். வேகம் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தத் திங்கட்கிழமை என் பட்டியல் காலை எட்டரைக்கு மேலாளர் மேஜையில் இருந்தது. பேக்கேஜின் பட்டியல் புதன்கிழமை வந்தது. அடுத்த வாரமும் அப்படியே. நான் தரையில் நடக்கவில்லை.

கம்பெனிக்காரர் முட்டாள் இல்லை. மூன்றாவது சனிக்கிழமை என் மேஜைக்கு வந்து, நாற்காலியைக்கூட இழுக்காமல், நின்றபடியே கேட்டார்.

"அதை எப்படிச் செய்தீர்கள்? நான் பார்க்கலாமா?"

நான் லிஸ்டிங்கை எடுத்துக் கொடுத்தேன். கட்டையும் நகலெடுத்துக் கொடுத்தேன். விதியையும் சொன்னேன். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் திருத்தினால் திருப்பித் தர வேண்டும். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எந்தப் பக்கம் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

பெரம்பூர் அண்ணா கேள்விப்பட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"உனக்கு இன்னா பைத்தியமாம்மே? அவன் பெட்டில பூட்டு போட்டு விக்கிறவன். நம்மள்த்த எட்த்து உள்ள போட்டு அத்தயும் பூட்டுவான். போற ஓணான எட்த்து வேட்டில உட்டுகினு இப்ப குடையுதுன்னு அழுவே பாரு!"

"யார் வேணாலும் எடுக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நம்ம ஆளுங்கன்னு சொன்னேன்!"

"அப்படிச் சொல்லலை. யார் வேணா-ன்னு சொன்னீங்க. ஆள் பாத்து மாத்தறதுக்குப் பேரு விதியா அண்ணா?"

அதோடு அவர் வருவதை நிறுத்திவிட்டார். மேலாளரோ தலையில் அடித்துக்கொண்டார். "உன்கிட்ட இருந்ததே அந்த ஒண்ணுதான். அதையும் தூக்கிக் குடுத்துட்டியே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. நானும் கத்தினேன்.

இரண்டு மாதம் என்றது நாலு மாதமாக நீண்டது. கம்பெனியின் புதிய கட்டு வந்தது. மின்வெட்டு வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கூடவே பழைய வேகம், பழைய அழகு. எல்லாச் சனிக்கிழமையும் சரியாக வந்தது. இனி என்ன பேச்சு? மேலாளர் என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து பஞ்ச் ரூம் என்றார். அன்று பஸ்ஸில் ராயபுரம் வரை அழுதேன். கோபத்தில்தான். துக்கம் என்று சொன்னால் அது என்னை இரக்கத்துக்குரியவளாக்கிவிடும்.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தபோது கம்பெனிக்காரர் மறுபடி வந்தார். முகம் வாடியிருந்தது. புதிய பேக்கேஜை வேறு பல ஊர்களில் கொடுத்திருக்கிறார்கள். கரண்ட் போய் வந்தால், அங்கெல்லாம் பட்டியலில் ஒரே ஒரு உதிரிபாகத்தின் எண்ணிக்கை தப்பாக வருகிறது. எங்கள் தொழிற்சாலையில் மட்டும் எப்போதும் சரியாக வருகிறது. காரணம் அவருக்குப் புரியவில்லை. இங்கே என்ன விசேஷம் என்று பார்த்துப் போக வந்திருந்தார்.

சனிக்கிழமை காலை. வழக்கம்போல் கரண்ட் போனது. அவர் டேப்பைப் பார்த்தார், அச்சு இயந்திரத்தைப் பார்த்தார், மெஷினின் விளக்குகளைப் பார்த்தார். நான் ஆபரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் பார்த்ததுதான். ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

கரண்ட் போகிற நொடியில் ஒரு கார்டு ரீடருக்குள் பாதியில் நிற்கும். தொண்டையில் நிற்குது என்பார் ஆபரேட்டர். எங்கள் ஊர் ஈரக்காற்றில் அந்தக் கார்டு ஊறி, முனை மடங்கிவிடும். அவர் அதை மெல்ல உருவி, பஞ்ச் ரூமுக்கு எடுத்துப்போய், அதேபோல் புதுக் கார்டு ஒன்று போட்டு வாங்கி வந்து, மிச்சக் கட்டின் தலையில் வைப்பார். கரண்ட் வந்ததும் மெஷின் அந்தக் கார்டை மறுபடி முதலில் படிக்கும்.

சட்டென்று எனக்கு விளங்கிவிட்டது. தொண்டையில் நிற்கிற கார்டை மெஷின் படித்திருக்கும், ஆனால் முடிந்தது என்று டேப்பில் எழுதியிருக்காது. அதைத் திரும்ப வைத்தால்தான் கணக்கில் வரும். ஈரமில்லாத ஊரில் கார்டு மடங்காது. படித்து முடிந்த கார்டு என்று நினைத்து, ஆபரேட்டர் அதை முடிந்த கட்டோடு சேர்த்துவிடுவார். ஒரு கார்டு காணாமல் போகும். முந்தைய கார்டின் எண்ணுக்கு அடுத்த எண்தான் வந்திருக்கிறதா என்று பார்க்கிற இரண்டு வரியை நான் எழுதியிருந்தால் போதும், மெஷின் நின்று கேட்டிருக்கும். எழுதவில்லை. என் தப்பைத் திருவொற்றியூர்க்காரர் ஒருவரின் விரல்கள் மூன்று வருடமாக மூடி வைத்திருந்தன. பெரம்பூர் அண்ணாவுக்கும் மணலிக்காரருக்கும் தப்பு வராததற்குக் காரணமும் அதுதான். அவர்கள் சனிக்கிழமைகளில் இங்கே நின்று பார்த்து, அதே வழக்கத்தைத் தங்கள் ஆட்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கம்பெனிக்காரர் கட்டை மட்டும் எடுத்துப் போனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும்? பேசாமல் இருந்தால் பேக்கேஜ் ஊர் ஊராகத் திரும்பி வரும். மேலாளர் பயந்துபோய் அதை வேண்டாம் என்பார். மேஜை எனக்கு. பேசினால், தப்பு என்னுடையது என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் என்னைப் பஞ்ச் ரூமுக்கு அனுப்ப உத்தரவு போட்டவர் முன்னால். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பெரம்பூர் அண்ணாவாக இருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன் என்பதுதான் என்னைக் குடைந்தது. அவரிடம் நான் என்ன வாதாடினேன்? ஆள் பார்த்து மாற்றுவதற்குப் பெயர் விதியா என்று கேட்டேனே. எந்த ஊரிலோ ஒரு ஃபிட்டர் என் தப்பால் ஸ்டோர்ஸுக்கும் மெஷினுக்கும் நடந்துகொண்டிருப்பான். அவனுக்கு என் மேஜையைப் பற்றி என்ன? எழுந்து போய், மேலாளர் அறையில் இருவரும் இருக்கும்போது சொன்னேன்.

"அது உங்க பேக்கேஜ் தப்பு இல்லை சார். என் தப்பு. நான் எழுதிக் குடுத்ததுலேயே இருந்துது."

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். கம்பெனிக்காரரைக் கூட்டிப்போய், ஆபரேட்டரின் கையைக் காட்டி விளக்கினேன். என் மேஜைக்கு வந்து அந்த இரண்டு வரியை எழுதி, வரிக்கு ஒரு கார்டாகப் போட்டு, என் கட்டில் சேர்த்து ஓட்டிக் காட்டினேன். வேண்டுமென்றே ஒரு கார்டை உருவி எடுத்துவிட்டு ஓட்டினோம். மெஷின் நின்று, இன்ன எண்ணுள்ள கார்டு எங்கே என்று கேட்டது. இரண்டு கார்டையும் நகலெடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். "இதை நான் சேர்க்க முடியாது. எனக்கே லிஸ்டிங் காட்டமாட்டார்கள். மேலிடத்துக்கு எழுத வேண்டும். போன முறை புதிய பதிப்பு வெளிவரும் நேரம், அதனால் உடனே சேர்த்தார்கள். இனி அவர்கள் அங்கே பார்த்து, சோதித்து, அடுத்த பதிப்பில்... ஒரு வருடம் ஆகலாம்" என்றார். முதல் முறையாக அந்த மனிதர் மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. தான் விற்கிற பொருளைத் தானே திறந்து பார்க்க முடியாத பிழைப்பு.

ஒன்றாம் தேதிக்கு நாலு நாள் முன்னால் கம்பெனியிடமிருந்து ஓர் அச்சடித்த தாள் வந்தது. அந்தப் பேக்கேஜை ஓட்டுகிற எல்லா இடங்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். மின்தடை ஏற்பட்டால், ஆபரேட்டர் ரீடரின் பாதையில் நிற்கும் கார்டை எடுத்துவிட்டு, அதே விவரங்களுடன் புதுக் கார்டு ஒன்று தயாரித்து, மீதமுள்ள கட்டின் முன்னால் வைக்க வேண்டும். நல்ல ஆங்கிலத்தில், எண் போட்ட நாலு வாக்கியம். மேலாளர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார்.

ஆபரேட்டர் புரியாமல் என்னைப் பார்த்தார். "இத்த நாந்தானே செஞ்சிகினுகீறேன்?"

"ஆமாண்ணா. இனிமே ஊர் பூரா உங்களப் பாத்துத்தான் செய்யப்போறாங்க."

"அடி சக்கை! நம்ம வூட்டு கைவேல புக்குல வந்துகீதா!" என்று அந்தத் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெருமை, பெருமை, வேறொன்றும் இல்லை. புரோகிராமில் பாதி என்னுடையது, மிச்சம் அந்த மனிதருடையது. இரண்டுமே திருவொற்றியூரிலிருந்து போயிருந்தன.

மேலாளர் சிரிக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"அவங்களுக்கு ஒரு வருஷம் ஆகும்னாரே. நீ எவ்வளவு நேரத்துல திருத்தின?"

"அரைமணி நேரம் இருக்கும் சார்."

"பெரிய கம்பெனின்னா தப்பு வந்தா வந்து நிப்பாங்கன்னு சொன்னேன். வந்தாங்க. வந்து உன்கிட்ட நின்னாங்க." கண்ணாடியைக் கழற்றினார். "பேக்கேஜ் வேண்டாம்னு எழுதிடறேன். ஆனா நீ இனிமே எங்கேயும் போகக்கூடாது."

இரண்டு வருடம் முன்னால் என்றால் சரி சார் என்று பூரித்துப் போயிருப்பேன். அன்று எனக்கு வேறு புத்தி வந்திருந்தது.

"போவேன் சார். கல்யாணம் ஆனாலும் போவேன், ஆகலைன்னாலும் ஒருநாள் போவேன். ஒருத்திய நம்பி ஒரு புரோகிராம் இருந்தா, அதுவும் பூட்டுன பெட்டிதான். எனக்கு பஞ்ச் ரூம்லேர்ந்து ரெண்டு பேரைக் குடுங்க."

முறைத்தார். பிறகு கொடுத்தார்.

பெரம்பூர் அண்ணா அந்த வாரமே திரும்பி வந்தார், இரண்டு வரித் திருத்தத்தை வாங்கிக்கொள்ள. ஓணானைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கம்பெனியின் அடுத்த பதிப்பில் அந்தச் சரிபார்ப்பும் சேர்ந்தே வந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். யாருடையது என்று அதில் போட்டிருக்காது. போகட்டும்.

ஒன்றாம் தேதி நான் பஞ்ச் ரூமுக்குப் போகவில்லை. பஞ்ச் ரூமிலிருந்து இரண்டு பெண்கள் என் மேஜைக்கு வந்தார்கள். அவர்கள் முன்னால் லிஸ்டிங்கை விரித்து, என் தப்பு இருந்த பக்கத்தை முதலில் காட்டினேன்.